நான்கரை நிமிட எரிபொருள்

என் அக்கா கணவரின் உடலை ஏற்றி வர வேண்டிய விமானத்துக்குப் பயணத் திட்டம் போட்டது நான்தான். அந்த விமானத்தில் அவர் வரவில்லை. அதற்கும் காரணம் நான்தான். இதை வெளியாள் யாரிடமாவது சொல்லவே எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

எங்களுக்கு ஊர் கரிக்கலாம்பாக்கம். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். கரும்பு போட்டிருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மா பெண் பிள்ளைகள் எங்கள் இருவரையும் வளர்த்தாள். அக்கா பன்னிரண்டாவதோடு நின்று, வில்லியனூர் பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். நான் புதுச்சேரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்தேன். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறுவோம். அவள் முதலில் இறங்குவாள். இறங்கும்போது என் தலைமுடியைச் சரி செய்துவிட்டுத்தான் இறங்குவாள்.

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாமா மூலக்குளத்தில் ஒரு கடையில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமான மறு வருடமே அக்காவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு விமான நிலையக் கட்டடத்துக்கு ஏ.சி. பார்க்கும் வேலை. ஒருநாள் போனில் அக்காவிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"உனுக்கு ஏத்த வேல ஒண்ணு பாத்து வெச்சிக்கீறேன்."

"இன்னா வேல மாமா?"

"இங்க ஒரு ரூம்ல ஏ.சி. பாக்கப் போனேன். ஒரு பத்து பேரு குந்திக்கினு கம்ப்யூட்டர்ல மேகம் பாத்துக்கினு கீறாங்க. இன்னானு கேட்டேன். பைலட்டு எந்த வழில போவணும், எத்தினி பெட்ரோல் ஊத்தணும், மழ பேஞ்சா எங்க எறங்கணும், எல்லாம் இவுங்கதான் சொல்லுவாங்களாம். இயற்பியல் படிச்சா சேரலாமாம். உனுக்கு வாயி ஜாஸ்தி. பைலட்டுக்கே சொல்ற வேலனா நல்லா இருக்கும்."

விமான டிஸ்பாட்சர் என்ற சொல்லை அவர்தான் என் வீட்டுக்குள் கொண்டுவந்தார். பட்டம் முடித்ததும் சென்னையில் அந்தப் படிப்பில் சேர்ந்தேன். வானிலை, வழிகாட்டல், எடைக் கணக்கு, விமானத்தின் பாகங்கள், சட்டம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பரீட்சை. தேறிய பிறகு ஒரு விமான நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் மற்றவர்கள் போட்ட திட்டங்களை எடுத்துக் கொடுப்பதும், வானிலை அறிக்கைகளை அடுக்கித் தருவதும்தான் வேலை. பைலட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் சின்ன இருக்கையில் உட்கார்ந்து போய்வர வேண்டும். கடைசியில் நேர்முகத் தேர்வு. முதல் தடவை அதில் தோற்றேன். எல்லாக் கேள்விக்கும் யோசிக்காமல் பதில் சொல்கிறேன் என்றார்கள். அன்று மாமாதான் முதலில் போன் செய்தார். "வாயி ஜாஸ்தினு நான்தான் சொன்னேனே" என்று சிரித்தார். அடுத்த தடவை தேறினேன்.

ஊரில் கேட்டால் அம்மா, "ஏரோப்ளேனுக்குப் பெட்ரோல் ஊத்தற வேல" என்பாள். அது ஒன்றும் பெரிய தப்பில்லை. ஒரு விமானத்துக்கு எவ்வளவு எரிபொருள் என்பதுதான் எங்கள் வேலையின் உயிர்நாடி. போய்ச் சேர வேண்டிய ஊருக்கு வேண்டியது, அங்கே இறங்க முடியாவிட்டால் இன்னோர் ஊருக்குப் போக வேண்டியது, வானத்தில் வட்டமடித்துக் காத்திருக்க வேண்டியது என்று தனித்தனியாகக் கூட்ட வேண்டும். கூட்டக் கூட்ட எடை ஏறும். எழும்பும்போது விமானத்தின் மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் எதையாவது இறக்கித்தான் ஆக வேண்டும். திட்டத்துக்கு டிஸ்பாட்சரும் கேப்டனும் இருவருமே பொறுப்பு. எங்களை எந்தப் பயணியும் பார்த்ததில்லை. நாங்கள் போட்ட கணக்கு சரியாக இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

மாமா ஓர் ஐப்பசி மாதத்தில் இறந்தார். அறையில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். நாற்பத்தொரு வயது. குழந்தை இல்லை.

நான் லீவு போட்டு ஊருக்குப் போனேன். உடல் வர வேண்டும் என்றால் மருத்துவமனை, போலீஸ், தூதரகம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு காகிதம் வேண்டும். ஒன்று வந்தால் இன்னொன்று வரவில்லை. ஒரு வாரம் அப்படியே போனது. அக்கா யாரோடும் பேசவில்லை. தாலியைக் கழற்றச் சொன்ன உறவுக்காரர்களிடம், "அவுரு வரட்டும்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு லீவு தீர்ந்ததும் சென்னைக்குத் திரும்பி, வேலைக்கு நடுவே போன் பேசிப் பேசிக் காகிதங்களைத் துரத்தினேன். பதினெட்டாவது நாள் தகவல் வந்தது. பெட்டி மறுநாள் காலை விமானத்தில் ஏறுகிறது. எங்கள் நிறுவனத்து விமானம்.

அன்றைக்கே ஊரில் எல்லாருக்கும் சொல்லி அனுப்பினார்கள். பாகூரிலிருந்தும் கடலூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மழைக்குத் தார்ப்பாய் கட்டி, சேற்றில் மண் கொட்டிப் பந்தல் போட்டார்கள். அக்கா எனக்குப் போன் செய்தாள். பதினெட்டு நாளில் அவளாகச் செய்த முதல் போன் அது.

"உன் ஏரோப்ளேனாமே?"

"ஆமாக்கா."

"நீ பாத்து இட்டாந்துடுவ இல்ல?"

"இட்டாந்துடறேன்க்கா."

மறுநாள் காலை ஷிப்ட் எனக்கு. மதியம் இரண்டு மணிக்கு வேலை முடித்து, பெட்டியை வாங்கி, ஆம்புலன்ஸில் ஊருக்குப் போவதாக ஏற்பாடு. அந்த விமானம் என் பட்டியலில்தான் இருந்தது. மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "வேற யாருக்காவது மாத்திடறேம்மா" என்றார். ஆனால் கடலில் புயல் சின்னம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அறையில் ஒவ்வொருவருக்கும் பத்துப் பன்னிரண்டு விமானங்கள். நானே பார்க்கிறேன் என்றேன். பெருந்தன்மையால் சொல்லவில்லை. அவரை நானே கொண்டுவர வேண்டும் என்று இருந்தது.

காலையில் உட்கார்ந்ததும் வானிலையைப் பார்த்தேன். விமானம் வந்து சேரும் நேரத்தில் சென்னையில் கனமழை, இடி என்று முன்னறிவிப்பு. திருச்சியிலும் மழை. பெங்களூரில் தாழ்ந்த மேகம். மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டால் விமானம் எங்கே போகும்? ஐதராபாத்தை மாற்று ஊராகப் போட்டேன். அது தூரம். அதற்கு மேல் முக்கால் மணி நேரம் காத்திருக்க எரிபொருள் சேர்த்தேன். அன்று காலை மற்ற விமானங்களுக்கும் நான் அதையே போட்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வளைகுடாவிலிருந்து சரக்கு ஏற்றும் பொறுப்பாளர் போன் செய்தார். அவரும் தமிழர்தான்.

"மேடம், நீங்க போட்ட ஃப்யூல்ல வெயிட் தாண்டுது. பேரீச்சம்பழ லோடு மொத்தத்தையும் இறக்கிட்டேன். அப்பவும் நூத்தி எண்பது கிலோ இடிக்குது."

"பயணிங்க?"

"எல்லாரும் உள்ள உக்காந்துட்டாங்க. குழந்தைங்க, வயசானவங்கன்னு நெறைய பேர். சாமான்ல கை வைக்க முடியாது. இனி சரக்குல இருக்கறது ஒரு பாடி மட்டும்தான். பெட்டியோட நூத்தி எண்பது கிலோ." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க ஃப்யூல்ல அத மட்டும் குறைச்சீங்கன்னா ஏத்திடலாம். பாவம், ரொம்ப நாளா இங்க கிடக்குது."

அது யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நூற்று எண்பது கிலோ எரிபொருள் என்றால் அந்த விமானம் நான்கரை நிமிடம் பறக்கும். அவ்வளவுதான். முக்கால் மணி நேரத்தில் நான்கரை நிமிடம். குறைத்தாலும் சட்டப்படி தப்பில்லை. கேப்டனோடு பேசினேன். "உங்க கணக்கு எதுவோ அதுல போறேன்" என்றார். அவருக்கும் தெரியாது.

திரையில் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் விசையின் மேல் இருந்தது. வேறு யாரோ ஒருவருடைய பெட்டி என்றால் குறைத்திருப்பேனா? குறைத்திருப்பேன் என்று சில சமயம் தோன்றுகிறது. முக்கால் மணி நேரம் தேவை என்று மற்ற விமானங்களுக்கு முடிவு செய்தது வானத்தைப் பார்த்து. இதற்கு மட்டும் குறைத்தால் அது என் அக்காவைப் பார்த்து. அந்த வித்தியாசத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை.

"குறைக்க முடியாது சார்" என்றேன். "நாளைக்கு விமானத்துல முதல்ல அதை ஏத்துங்க."

"சரி மேடம்" என்று வைத்துவிட்டார்.

மேலதிகாரி என் மேசைக்கு வந்து திரையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "குறைச்சாலும் குறைக்காட்டியும் ரெண்டுமே சரியான கணக்குதாம்மா. என்கிட்ட விட்டிருக்கலாம்" என்றார். நான் அடுத்த விமானத்தை எடுத்தேன்.

விமானம் சென்னையை நெருங்க அரை மணி நேரம் இருக்கும்போது மழை விட்டது. மேகம் வடக்கே ஒதுங்கியது. ஒரு வட்டம்கூடக் காத்திருக்காமல் விமானம் நேராக வந்து இறங்கியது. நான் சேர்த்துக் கொடுத்த எரிபொருள் முழுவதும் அப்படியே தொட்டியில் இருந்தது.

ஊருக்கு நான்தான் சொல்ல வேண்டும். கழிப்பறைப் பக்கம் இருந்த ஜன்னலருகே நின்று அக்காவுக்குப் போன் செய்தேன். வெளியே ஓடுபாதையில் வெயில் அடித்தது.

"இன்னிக்கி வரலக்கா. நாளைக்கிதான்."

"ஏன்? ஏத்தலயா?"

விமான நிறுவனத்தில் ஏதோ சிக்கல் என்று சொல்லியிருக்கலாம். மழை என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம். அவளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. முழுவதையும் சொன்னேன். எரிபொருள், எடை, நூற்று எண்பது கிலோ, நான் முடியாது என்று சொன்னது, எல்லாம்.

பந்தலில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"மழ பேஞ்சிதா?" என்றாள்.

"இல்லக்கா. வுட்டுடுச்சி."

"அப்ப எதுக்குடி?"

அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் எல்லாம் பரீட்சையில் எழுதும் பதில்கள். அவள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் பெட்டி வந்தது. சரக்குப் பகுதியில் நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஆம்புலன்ஸில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து போனேன். பெட்டியின் மேல் அவருடைய பெயரும் எடையும் எழுதி ஒட்டியிருந்தார்கள். திண்டிவனம் வரைக்கும் அந்த எடையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டி ஊருக்குள் நுழைந்தபோது முந்தின நாள் வந்தவர்களில் பாதிப் பேர் இல்லை. வேலையை விட்டுவிட்டு இன்னொரு நாள் இருக்க அவர்களால் முடியவில்லை. நாள் அதிகமாகிவிட்டது, முகத்தைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் வந்திருந்தால் திறந்திருப்பார்களா, தெரியாது. அக்கா பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்து நான் கிளம்பும்போது அம்மா பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள்.

"அவகிட்ட நீ ஒண்ணியும் சொல்லாம இருந்திருக்கலாம்."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"பொய்யினு இல்ல. அவ யாரையாவது திட்டித் தீத்திருப்பா. கம்பெனிக்காரன, கவர்மெண்ட்டுக்காரன. இப்ப உன்னயும் திட்ட முடியல, அழவும் முடியல அவளால."

அக்கா ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது பேசினாள். மாத்திரை, டாக்டர், சாப்பாடு என்று வேலைப் பேச்சாகத் தொடங்கி, மெல்ல மெல்லச் சாதாரணப் பேச்சுக்கு வந்தது. இப்போது தவளக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். நான் ஊருக்குப் போனால் எனக்குப் பிடித்த மீன் குழம்பு வைக்கிறாள். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. நான் இப்போது மூத்த டிஸ்பாட்சர். புதிதாக வருகிறவர்கள் போடும் கணக்கைச் சரிபார்க்கிறேன். மழை நாட்களில் காத்திருப்பு எரிபொருளைப் பார்க்கும்போதெல்லாம் கை ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மொட்டை மாடியில் அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று கிளிப்புகளைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அன்னிக்கி அந்த ஏரோப்ளேன்ல எத்தினி பேரு இருந்தாங்க?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"நூத்தி எழுபத்தெட்டு பேருக்கா. பைலட்டு, மத்தவங்க எல்லாம் சேத்தா நூத்தி எண்பத்து நாலு."

"கொழந்தைங்க இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"எல்லாம் நல்லபடியா வூடு போய்ச் சேந்தாங்களா?"

"சேந்தாங்கக்கா."

அவள் ஒரு புடவையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அடுத்ததை எடுத்தாள். அதை மடிக்கவில்லை. முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் தோள் குலுங்குவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பக்கத்தில் போய் நின்றேன். என்னைத் தள்ளவில்லை.