மடக்குக்கத்திக்காக மண்ணூரில் மெயினை அணைத்த கதை

என்னிடம் முப்பத்தேழு மடக்குக்கத்திகள் இருக்கின்றன. எலுமிச்சம்பழம் நறுக்க ஒன்று கேட்டால் தரமாட்டேன் என்று வீட்டில் புகார். அது உண்மைதான். இந்த ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, அதில் ஒரு கத்தியைக் காப்பாற்ற தாம்பரத்திலிருந்து ஒரகடம் வழியாக மண்ணூர் வரை ஓடினேன். கைவேலைக் கத்திகளைத் தேடிப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் கத்தியின் கதை. ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரே கைப்பிடி; ஒரு முனையில் ஓலை நறுக்கும் கத்தி, மறுமுனையில் எழுத்தாணி, இரண்டும் உள்ளே மடங்கும். காகிதம் வந்த பிறகு எழுத்தாணிக்கு வேலை போய்விட்டது. ஆனால் அப்புறம் வந்த சில மடக்குக்கத்திகளின் கைப்பிடியில், எதுவும் இல்லாத ஒரு வெற்றுப் பள்ளம் இருக்கும். எழுத்தாணி செய்தவர்களே, ஆணியை மட்டும் விட்டுவிட்டு, அதே வடிவில் கத்தி செய்திருக்க வேண்டும் என்பது என் யூகம். சான்றுதான் இல்லை.

என்னிடமுள்ள மடக்கெழுத்தாணி ஒன்றின் அலகில் சின்னச் சங்கு முத்திரை உண்டு. பழைய இரும்புக்கடையில் வாங்கிய, பள்ளம் உள்ள இன்னொரு கத்தி துருவேறி, முதுகு ஸ்பிரிங் உடைந்து கிடந்தது. அதை மண்ணூர் தேவகியிடம் கொடுத்திருந்தேன். தேவகி ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் கிரைண்டிங் லைனில் இருக்கிறார். ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக் கொட்டகையில் சின்னப் பட்டறைகளுக்கு டூல் தீட்டித் தருவார்.

அன்று காலை அவரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்திருந்தது. துருவைச் சுரண்டிய இடத்தில் சங்கு. அடுப்படியிலேயே ஒரு குதி குதித்தேன். பிறகு கூடவே வந்த குரல்பதிவைக் கேட்டேன்.

"அக்கா, ஸ்பிரிங் போட்டாச்சு. பிளேடுல கறுப்பா இன்னாவோ கீது பாருங்க. வூட்டுக்கு வந்ததும் பஃப் அடிச்சு புச்சு மாரி ஆக்கித் தந்துடறேன்."

உலோகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃப் சக்கரத்தில் ஒரு நிமிடம் பிடித்தால் போதும், சங்கு போய்விடும். எட்டு வருட யூகத்துக்குக் கிடைத்த ஒரே சான்றும் அதோடு போய்விடும். தேவகியை அழைத்தால் போன் அணைந்திருந்தது. தொழிற்சாலையில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மடக்கெழுத்தாணியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தாம்பரத்திலிருந்து ஒரகடம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், பேருந்தில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படப்பையில் ஷேர் ஆட்டோக்கள் வழிவிட்டால். அன்று விடவில்லை. ஷிஃப்ட் இரண்டேகாலுக்குத்தான் முடியும் என்ற தைரியத்தில் ஒன்றரைக்குக் கேட்டில் போய் நின்றேன்.

"தேவகியா? பர்மிஷன் போட்டுகினு பன்னண்டுக்கே கிளம்பிட்டாங்களே" என்றார் காவலாளி.

மறுபடி அழைத்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. அப்படியென்றால் மெஷின் ஓடுகிறது. ஆட்டோக்காரர் ஐந்நூற்றைம்பது கேட்டார், பேரம் பேசாமல் ஏறினேன். நீங்கள் பேசுங்கள்.

"இன்னா மேடம் அவசரம், ஆஸ்பத்திரியா?"

"இல்லைங்க, ஒரு கத்தி விஷயம்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை என் பை தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, தண்டலம் திருப்பத்தில்தான் முழுக்கதையும் சொன்னேன். "அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா" என்று ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

தேவகி வீட்டுக் கொட்டகையில் சக்கரம் கிர்ரென்று ஓடும் சத்தம் தெருவுக்கே கேட்டது. இரண்டு முறை கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. கம்பிக்கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. கதவை ஒட்டிய சுவரில் மீட்டர் பெட்டி. அடுத்தவர் வீட்டு மெயினை அணைப்பது நல்ல பழக்கமில்லை, தெரியும். அணைத்தேன்.

சக்கரம் முனகிக்கொண்டே நின்றது. "எவன்டா மெயின ஆஃப் பண்ணது?" என்று தேவகி வெளியே வந்தார். கையில் என் கத்தி.

பித்தளைக் கைப்பிடி புதுக் குழாய் மாதிரி பளபளத்தது. அலகின் ஒரு பக்கம் பாதி வரை கண்ணாடி. திருப்பிப் பார்த்தேன். சங்கு அப்படியே இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. "அழுக்கோட எப்படிக்கா பீஸ் குடுக்கறது? எங்க லைன்ல புள்ளியாட்டம் கறை இருந்தாலே ரிஜெக்ட்."

மடக்கெழுத்தாணியை எடுத்து அருகே வைத்தேன். அவருடைய லென்ஸில் மாறி மாறிப் பார்த்தோம். இரண்டு சங்குகளிலும் அடியில் ஒரே இடத்தில் ஒரே சிதைவு. ஒரே அச்சால் அடித்தவை. ஒரே பட்டறை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"செஞ்சவரு பேரு இன்னா?" என்றார் தேவகி.

"தெரியாது."

"பேரு தெரியாமயா இவ்ளோ தூரம் ஓடியாந்தீங்க?"

அவர் போட்ட ஸ்பிரிங்கைத் தொட்டுக் காட்டி, "இது நீங்கள் செய்தது. இதில் உங்கள் அடையாளம் ஒன்று வையுங்கள்" என்றேன். வெட்கப்பட்டார். ஒரு நாளில் எத்தனையோ பீஸ் தன் கையால் போகிறது, எதிலும் தன் அடையாளம் கிடையாது என்றார். பிறகு இரும்பில் புள்ளி குத்தும் சென்டர் பஞ்சை எடுத்து மூன்று தட்டுத் தட்டினார். வரிசையாக மூன்று புள்ளி.

"ஏன் மூணு?"

"ஒண்ணு வச்சா கறைன்னு நெனச்சு எவனாச்சும் பஃப் அடிச்சுடுவான்."

கத்தியைக் கையில் தந்தால் சண்டை வருமாம். முக்காலியில் வைத்தார், எடுத்துக்கொண்டேன். கூலி முந்நூறு.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிறு போங்கள், ஷிஃப்ட் தொல்லை இல்லை. பழைய கத்தியைப் பழுதுக்குக் கொடுத்தால், "பளபளப்பு வேண்டாம்" என்பதை எழுதி அதன்மேலேயே ஒட்டிவிடுங்கள். மெட்ரோவில் கத்தி கொண்டுபோக விடமாட்டார்கள், பேருந்துதான். கடைசியாக ஒன்று. என்றைக்காவது, எந்த இரும்புக்கடையிலாவது, முதுகு ஸ்பிரிங்கில் வரிசையாக மூன்று புள்ளி உள்ள மடக்குக்கத்தி உங்கள் கைக்கு வந்தால், செய்தவர் யார் என்று தேடி அலைய வேண்டாம். அவர் பெயர் தேவகி. ஊர் மண்ணூர்.