மூன்றைவிட ஐந்து பெரிது

கீழவாஞ்சூர்த் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிப் போகும் நான்கு லாரிகள் என்னுடையவை. தருமபுரத்தில் மாடி வீடு, காரைக்கால்மேட்டில் மீன்காரர்களுக்கு ஐஸ் போடும் கம்பெனி, மூன்று பெண்களின் கல்யாணம், எல்லாம் ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தும் தேறாமல் எழுந்து வந்தவன் செய்தது. எனக்காக ஒருவரும் ஜாமீன் கையெழுத்துப் போட்டதில்லை. இதை ஆரம்பித்தாலே வீட்டில் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுத வைத்தவன் என் பேரன். பெரிய படிப்பு. பாங்கில் லட்ச ரூபாயை டெபாசிட் போட்டுவிட்டு, கார்டில் கடன் வைத்து போன் வாங்கியிருக்கிறான். ஏனடா என்று கேட்டால், "டெபாசிட்டுக்கு ஏழு பர்சென்ட் வருது தாத்தா, கார்டுக்கு மாசம் மூணுதான்" என்கிறான். எனக்குத் தலை சுற்றியது. இதே பேச்சை நான் பதினோரு வயதில் கேட்டாயிற்று.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு சைக்கிள் கடை. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்தவர். பட்டாளக்காரரை நாங்கள் சொல்தா என்போம்; எங்கள் தெருவில் சொல்தா என்றால் அவர்தான். பிரெஞ்சில் கடிதம் வந்தால் எல்லாரும் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். அக்காள் கல்யாணத்துக்கென்று நாலாயிரம் ரூபாய் அவர் பெயரில் பாங்கில் கிடந்தது. ஒரு புயலில் எங்கள் வீட்டு ஓடெல்லாம் பறந்தபோது, கூரையைச் சரிசெய்ய அப்பாவுக்கு இரண்டாயிரம் தேவைப்பட்டது.

பாங்குப் பணத்தைத் தொடக்கூடாது என்றார் பெரியப்பா. "பாங்குக்காரன் நமக்கு அஞ்சு வட்டி குடுக்குறான். வட்டிக்கடையில மூணு வட்டிதான் கேக்குறாங்க. அங்க வாங்கி செலவு பண்ணு. நூத்துக்கு ரெண்டு ரூபா உனக்கு மிச்சம்டா."

"நீங்க சொன்னா சரிங்கண்ணே" என்றார் அப்பா. மூன்றைவிட ஐந்து பெரிது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாதம் பிறந்தால் வட்டிக்கடைக்கு அறுபது ரூபாய் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அப்பா பஞ்சர் ஒட்டிய காசெல்லாம் அதற்கே போயிற்று. வருடம் முடிவதற்குள் அம்மா அக்காளின் தோட்டைக் கழற்றித் துணியில் முடிந்து வைத்துவிட்டாள். அடுத்த வட்டிக்கு அதை அடகு வைப்பதுதான் வழி. அக்காள் காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

அந்த வாரம் பாஸ்புத்தகத்தில் வட்டி பதிந்து வரும்படி பெரியப்பா என்னைப் பாங்குக்கு அனுப்பினார். குமாஸ்தா இருநூறு ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். நான் நகரவில்லை.

"இது ஒரு மாசத்துது. மத்த பதினோரு மாசம்?" என்றேன்.

பாங்கே சிரித்தது. "தம்பி, இங்க அஞ்சுன்னா வருசத்துக்கு அஞ்சு. மாசாமாசம் இப்படிக் குடுத்தா, நானே வேலைய விட்டுட்டு டெபாசிட் போட்டு உக்காந்துருவேன்" என்றார் குமாஸ்தா.

வழியெல்லாம் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு அறுபது, எழுநூற்று இருபது. இரண்டாயிரம் கடனுக்கு நாங்கள் கொடுத்தது அது. நாலாயிரத்துக்கும் சேர்த்து எங்களுக்கு வந்தது வெறும் இருநூறு.

பெரியப்பாவிடம் சொன்னேன். "அஞ்சாவதையே ரெண்டு தரம் படிக்கிறவன், எனக்குக் கணக்கு சொல்றான் பாரு" என்று சிரித்தார். மறுபடியும் சொன்னேன். காதைத் திருகினார். அப்பா பஞ்சர் ஒட்டப் போய்விட்டார். பிரெஞ்சும் தமிழும் படித்த வீடு, பன்னிரண்டால் பெருக்க ஓர் ஆளில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், வட்டிக்கடையிலிருந்து வருகிறவன் போல மூச்சிரைக்க ஓடிப் போய் நின்றேன். "பெரியப்பா, அடுத்த மாசத்துலேந்து ஆறு வட்டியாம். கடைக்காரரு சொல்லச் சொன்னாரு."

அவர் முகம் மாறியது. "ஆறா? அஞ்சு வாங்கிட்டு ஆறு குடுக்க நான் என்ன மடையனா?"

மறுநாள் காலையே பாங்குக்குப் போய், தன் நீளமான பிரெஞ்சுக் கையெழுத்தைப் போட்டு இரண்டாயிரம் எடுத்தார். தானே வட்டிக்கடைக்கு நடந்து போய் அசலை அடைத்தார். தோடு அக்காள் காதுக்குத் திரும்பியது. அந்த அறுபது ரூபாயை அம்மா மாதாமாதம் பாங்கில் கட்டினாள். மூன்று வருடத்தில் எடுத்த பணம் திரும்பச் சேர்ந்து, அக்காள் கல்யாணமும் நடந்தது.

வட்டிக்கடையிலிருந்து வந்த பெரியப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். பிறகு பாஸ்புத்தகத்தை என் கையில் கொடுத்து, "இனிமே நீயே வச்சிக்க. வட்டி ஏறுச்சா எறங்குச்சான்னு எனக்கு வந்து சொல்லு" என்றார். அடி விழவில்லை, தப்பித்தோம் என்று நான் ஓடிவிட்டேன். ஆறு வட்டி என்று தான் சொல்லவே இல்லை என்பதைக் கடைக்காரர் அவரிடம் சொல்லாமலா இருந்திருப்பார்? இது எனக்கு உறைக்க முப்பது வருடமும் நாலு லாரியும் ஆயின.

அது அவர் பெருந்தன்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வருடக் கோவில் மலரில் அக்காள் மகன், 'குடும்பத்தைக் கடனிலிருந்து உரிய நேரத்தில் மீட்டவர் எங்கள் பெரிய தாத்தா' என்று எழுதியிருக்கிறான். கையெழுத்துதான் அவருடையது. கணக்கு என்னுடையது, பொய்யும் என்னுடையது. அடுத்த மலரில் அதைத் திருத்தி, என் பெயரைப் போட வேண்டும். போட்டோவும் தருகிறேன்.