பெருவிரல் பள்ளம்

இன்று பேரனின் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டபோது எழுந்த வாசனையில், எங்கள் நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இப்போது குழந்தைகள் காப்பகமாகிவிட்ட துப்பாக்கிக் கடையின் பின்னறை, எண்ணெய்த் துணிகளும் பிரெஞ்சு வானொலியும் சனிக்கிழமைக் கோப்பியுமாகத் திரும்பி வந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நானும் மன்னார் அன்ரனியும், அனுமதிப் பத்திரத்தோடு, பழைய கைத்துப்பாக்கிகளை மலிவாக வாங்கி அங்கேதான் புதுசாக்குவோம்.

ஒரு ரிவோல்வரின் மரப்பிடியில் பெருவிரல் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

"உள்ளுக்கை மெசினெல்லாம் வலு திறம், அண்ணை. பிடியை அப்பிடியே விடுங்கோவன்," என்றான் அன்ரனி.

"பழசெண்டு ஏனடாப்பா தெரிய வேணும்?" என்று, பள்ளம் மறையும்வரை தேய்த்து வார்னிஷ் பூசினேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு வாங்கிய பழைய கட்டிலையும் மேசையையும்கூட அப்படித்தான் செய்திருந்தேன்.

அந்த ரிவோல்வரை எங்களுக்கு விற்ற பெண் ஒருநாள் வந்து, இறந்துபோன தகப்பனின் துப்பாக்கியை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். பெருமையோடு நீட்டினேன். அவர் பெருவிரலால் பிடியைத் தடவித் தடவித் தேடினார். தகப்பனின் விரல் பட்டுத் தேய்ந்த அந்தப் பள்ளத்தில், சிறுமியாக இருந்தபோது தன் விரலை வைத்துப் பார்ப்பாராம்.

"மெர்சி, நல்ல வடிவாக்கியிருக்கிறீர்கள்," என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்ரனி அடுத்த துப்பாக்கியை எடுத்து எண்ணெய்த் துணியால் துடைக்கத் தொடங்கினான். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.