தொங்கவிட்டுத் தட்டிய கிராங்க்

கடைவீதியில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கிராங்க்காரர் என்றால்தான் தெரியும். இன்ஜினுக்குள் சுழன்று சுழன்று தேய்ந்த கிராங்க் ஷாஃப்டை கிரைண்டிங் மெஷினில் மாட்டி, வடிவம் கெட்ட இடங்களை மறுபடி உருட்டி எடுப்பது அவர் பிழைப்பு. மாட்டுமுன் ஒரு பரிசோதனை உண்டு. ஷாஃப்டைச் சங்கிலியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கணீரென்று நீண்டால் நல்லது. டொக்கென்று செத்தால் விரிசல், பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

அன்று தொங்கியது மனைவியின் தம்பியுடையது. பஸ் டிரைவரான அவன், பழைய கார் ஒன்றுக்குத் தகரம், பெயின்ட், சீட் எல்லாம் முடித்துக் கடைசியாக இன்ஜினைப் பிரித்திருந்தான். அந்த மாடலுக்கு வேறு ஷாஃப்ட் தேடி அலுத்தாயிற்று. இது போனால் காரும் போச்சு.

தட்டினார். டொக். இன்னொரு தட்டு. அதே டொக்.

"தேறாது மாப்ள. விரிசல்."

மைத்துனனின் முகம் காற்றிறங்கிய டியூப்பானது. அந்தக் காதின் தீர்ப்புக்கு வீதியில் அப்பீல் கிடையாது.

சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்த மனைவி, "யாரு மணி அடிச்சது? தெருமுனை வரைக்கும் கேட்டுச்சே" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் ஒரு வருஷமாகச் சண்டை. காதை டாக்டரிடம் காட்டுங்கள் என்பாள் அவள். நீ வாய்க்குள் முணுமுணுக்கிறாய் என்பார் அவர். மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் கேட்டுச்சா?"

"கணீர்னுதான் கேட்டுச்சு மாமா. எங்களுக்குக் கேக்காத எதுவோ உங்களுக்குக் கேக்குதுன்னு நெனச்சேன்."

அவர் ஷாஃப்டை இறக்கி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். பிறகு துடைத்துக் காயவைத்து, சுண்ணாம்புத் தூளைப் பூசினார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடு இழுக்கும். மூன்று தலைகளும் குனிந்தன. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

மைத்துனன் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். கிராங்க்காரருக்கு ஷாஃப்ட் பிழைத்த சந்தோஷமும் காது போன துக்கமும் ஒரே மூச்சில் வந்தன. இதுவரை எத்தனை நல்ல ஷாஃப்டைக் குப்பைக்கு அனுப்பினோமோ என்ற நினைப்பு தூக்கத்தைக் கெடுத்தது. மறுநாளே மெஷினை ஓட்டினார். முட்டை வடிவமான இடங்களை வட்டமாக்கினார். மூலை வளைவுகளைக் கூராக்காமல் விட்டார், கூராக்கினால் அங்கேதான் ஒடியும். தேய்த்து எடுத்த அளவுக்கு ஈடாகத் தடித்த பேரிங் வாங்கச் சொன்னார். கடைசியில் மறுபடி தொங்கவிட்டு, மனைவியை வரவழைத்துத் தட்டினார்.

"சொல்லு."

அவள் அவசரப்படவில்லை. "இருங்க... இன்னும் கேக்குது... இப்பத்தான் நின்னுச்சு."

கார் முதன்முதலாகப் புறப்பட்டது காது டாக்டரிடம். முன்சீட்டில் உட்கார்ந்த கிராங்க்காரர் பொறுமையிழந்து, "ஸ்டார்ட் பண்ணேன் மாப்ள" என்றார்.

பின்சீட்டில் மனைவி சிரித்தாள். அவர் டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மெல்லிய, சீரான அதிர்வு. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.