சரசக்கா தைத்த ஆறு

திங்கட்கிழமை காலை பனியன் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து, "சரசக்கா தவறிட்டாங்க. நெஞ்சு வலியாம்" என்றார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

எட்டாவதோடு நின்றுவிட்டு நான் வேலைக்கு வந்த அன்று, ஓவர்லாக் டெய்லரான சரசக்கா என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "நீ பொறந்த வருசம் வெள்ளமா, பஞ்சமா கண்ணு?" என்றுதான் கேட்டார். ஊரில் பெரியவர்கள் எல்லோரிடமும் வயதோடு சேர்த்து இதையும் கேட்பார். அவர்கள் சொன்னதை வைத்து, வெட்டி எறிந்த பனியன் துணியொன்றில் வருடத்துக்கு ஒரு வரி தைப்பார். நொய்யல் ஆற்றில் வெள்ளம் வந்த வருடம் நீலம், வறண்ட வருடம் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. "வயசை மட்டும் குறைச்சுச் சொல்லிராதீங்க சாமி, நான் தைக்கிற ஆறு கெட்டுப் போயிரும்" என்பார்.

அப்படியும் ஒருவர் குறைத்துவிட்டார். நீளமான சிவப்புக்கு நடுவே ஒற்றை நீலம் நின்றது. டீ நேரத்தில் அக்கா, பேக்கிங் பிரிவுப் பாப்பாத்தியக்காவை மடக்கினார்.

"ஏனுங்க, உங்க தங்கச்சி உங்களுக்கு முந்தியே பொறந்துட்டாங்களா?"

"அது மாப்பிள்ளை ஊட்டுக்குச் சொன்ன வயசுங்க. அப்படியே வாயில ஒட்டிக்கிச்சு!"

கம்பெனியே சிரித்தது. அக்கா நீலத்தைப் பிரித்துச் சிவப்பாக்கினார். அப்போதுதான் கவனித்தார்: நீண்ட சிவப்பு ஒவ்வொன்றும் நீலத்தில் முடிந்திருந்தது. துணியின் கடைசியிலும் நீண்ட சிவப்பு. எங்கள் வீடோ ஆற்றோரத்தில்.

வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவே வந்து, இந்த வருடம் வெள்ளம் வரும், வீட்டை மாற்றுங்கள் என்று சொன்னார். தெற்கத்திக்காரரான அம்மா கேட்கவில்லை. "சாயத் தண்ணி ஓடுற ஆத்துக்குப் பயந்து வீட்டைக் காலி பண்ணுவாகளா?"

அக்கா எங்கள் சோற்றுப் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்த தன் வீட்டுக்கு நடந்தார். "பானை எங்கயோ அங்கதானுங்க சாப்பாடு!" பசியோடு பின்னால் போனோம். அங்கேயே தங்கிவிட்டோம்.

அந்த ஐப்பசியில் எங்கள் பழைய வீட்டின் கூரை மட்டுமே வெளியே தெரிந்தது. மேட்டில் நின்று பார்த்த அம்மாவிடம் அக்கா மெல்லக் கேட்டார்: "ஏனுங்க, சாயத் தண்ணி இத்தனை உசரம் வருமுங்களா?" அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார்.

இறுதிச் சடங்கன்று அஞ்சலிச் சுவரொட்டியில் போட அக்காவின் வயது கேட்டார்கள். அக்காவின் அண்ணனுக்குத் தெரியவில்லை. மெஷின் டிராயரிலிருந்த துணியை எடுத்துப் போயிருந்தேன். ஒரு நீல வரியில், தான் பிறந்த வருடத்துக்கு அக்கா முடிச்சு போட்டிருந்தார். அங்கிருந்து கடைசி வரி வரை அத்தனை பேர் நடுவில் சத்தமாக எண்ணினேன்.

"நாப்பத்தி மூணுங்க. ஒண்ணுகூடக் குறைக்கலீங்க."

பாப்பாத்தியக்காதான் முதலில் சிரித்தார்.

போய் வாருங்கள் அக்கா. இந்த வருடத்து வரி பாக்கி இருக்கிறது. மழை முடியட்டும், உங்கள் மெஷினில் நானே தைக்கிறேன்.