பிடரி மட்டும் தெரிந்த ஆள்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் சுந்தரதாஸின் ஆம்புலன்ஸில் ஏறாத குடும்பம் குறைவு. அவர் முகத்தை அறிந்த குடும்பம் அதைவிடக் குறைவு. வலியில் புரளுகிறவனும் அவன் தலையை மடியில் வைத்து அழுகிறவளும் பின்னாலிருந்து பார்த்ததெல்லாம் ஒரு காக்கிக் காலர், அதற்குமேல் ஒரு பிடரி, அதில் சின்னவயதில் வந்த கட்டியின் தழும்பு. அவ்வளவுதான். சந்தையில் யாராவது அவரைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தால், "ஓ, நம்ம ஆம்புலன்சு!" என்பார்கள். நேருக்கு நேராக வந்தால் வழி விடச் சொல்வார்கள்.

முகம் என்றால் அது சிலுவைதாசனுடைய முகம். பின்னால் நோயாளியோடு உட்காரும் அட்டெண்டர். கடற்கரை லத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தும் கட்டுமரத்தில் ஏறினால் குடலே வெளியே வருமளவுக்கு வாந்தியெடுப்பவன். அதனால் கரைக்கு வேலை தேடி வந்தவன். பாறசாலைச் சந்திப்பில் கடைக்காரர்கள் சங்கம் சேர்ந்து வாங்கிய பழைய மெட்டடோர் வேனில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். இப்போது கல்யாண வீட்டுக்குப் போனால் சிலுவைதாசனுக்கு முதல் பந்தி. "சிலுவையண்ணன் வந்தாச்சு, இலை போடுங்கலே!" சுந்தரதாஸைப் பார்த்து, "கூட வந்தது ஆரு?" என்று கேட்பார்கள். "நம்ம டிரைவரண்ணனாக்கும்" என்பான் சிலுவைதாசன். "ஓ" என்று சொல்லிவிட்டு அவரை அடுத்த பந்திக்கு நிறுத்துவார்கள்.

மெட்டடோரின் எஞ்சின் டிரைவரின் தொடைக்குப் பக்கத்திலேயே இருந்து அலறும். பின்னால் பேசுவது ஒன்றும் கேட்காது. சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சிரிப்பு மட்டும் வரும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறியவன் அமரவிளை தாண்டுவதற்குள் சிரிக்கிறான். எதற்குச் சிரிக்கிறான்? சுந்தரதாஸுக்குத் தெரியாது. பாலத்துக் குண்டுகுழியில் நோவாமல் வண்டியை நெளித்து எடுத்தவர் அவர். சிரிப்பு மட்டும் சிலுவைதாசனுக்கு.

"அப்பிடி என்னலே சொன்ன அந்தாள்ட்ட?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஒண்ணுமில்ல அண்ணே. உமக்க மருமவன் ஒழுங்கா இருக்கானான்னு கேட்டேன். அப்பிடியே தொடங்கிட்டாரு."

சுந்தரதாஸும் அதையே ஒரு நோயாளியிடம் கேட்டுப் பார்த்தார், ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது. அந்த ஆள் மருமகனோடு மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். அழத் தொடங்கிவிட்டார்.

மற்றபடி அந்த வேலையில் இரண்டு பேருக்கும் பொதுவான சங்கடங்கள் நிறைய உண்டு. ஒரு நோயாளிக்கு ஒன்பது பேர் ஏறுவார்கள். ஸ்ட்ரெச்சருக்கு இடமிருக்காது, நோயாளி உட்கார்ந்து வருவார். காலியாகத் திரும்பினால் போதும், வழியில் கைகாட்டி மரச்சீனிக் கிழங்கு மூட்டையை ஏற்றச் சொல்வார்கள். மழை பெய்தால் சைரன் ஊமையாகிவிடும், சிலுவைதாசன் ஜன்னலில் தலையை நீட்டி, "மாறு, மாறு! வழி விடு!" என்று கத்த வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய சங்கடம் சந்திப்பில் வரும். ஒரு பாதி சொந்தக்காரர்கள் வடக்கே திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குப் போ என்பார்கள். மறுபாதி தெற்கே, தமிழ்நாட்டுப் பக்கம், பழைய மிஷன் ஆஸ்பத்திரிக்கு விடு என்பார்கள். மாநில எல்லைக்கு இந்தப்பக்கம் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். ஒருமுறை நோயாளியே எழுந்து உட்கார்ந்து, "ரெண்டும் வேண்டாம், ஒரு சாயா வாங்கித் தாங்கலே" என்றார்.

பொழியூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து ஆலீஸ் என்ற பெண்ணுக்காக அழைப்பு வந்தது ஒரு காலை நேரம். தலைப்பிரசவம். புருஷன் கடலுக்குப் போயிருந்தான். கூட ஏறியது அவளுடைய நாத்தனார் மட்டும். சுந்தரதாஸ் அன்று ஓட்டியதுபோல் ஒருநாளும் ஓட்டியதில்லை என்பது அவருடைய கருத்து. ஆனால் ரயில்வே கேட்டுக்கு வந்தபோது கேட் சாத்தியிருந்தது.

"திறங்க ஓய்! பேறு வண்டியாக்கும்!"

கேட்மேன் பத்றோஸ் பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அசையாமல் நின்றான். "சிக்னல் விழுந்தாச்சு. திறந்தா பேறு நடக்காது, சாவு நடக்கும்."

அதற்குள் பின்னாலிருந்து கண்ணாடி ஜன்னலைச் சிலுவைதாசன் தட்டினான். இனி எங்கும் போக வேண்டாம், இங்கேயேதான் என்று கை காட்டினான்.

இரண்டு பஸ்ஸும் ஒரு லாரியும் பின்னால் வந்து நின்றன. பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டின. வேன் ஜன்னலுக்குத் திரை கிடையாது. சுந்தரதாஸ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வேட்டியை அவிழ்த்து ஜன்னலின் குறுக்கே கட்டினார். வரிபோட்ட நிக்கரோடு வண்டியைச் சுற்றி ஓடி, எட்டிப் பார்த்தவர்களையெல்லாம் விரட்டினார். ரயில் போயிற்று. பத்றோஸ் தன் அறையிலிருந்து கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான். வண்டிக்குள் நாத்தனார் அழ, சிலுவைதாசன் இரண்டு கையிலும் பிள்ளையை ஏந்தி நின்றான். ஆண்பிள்ளை. பிறந்தவுடன் அழுததும் நல்ல ஓங்கிய குரலில்தான்.

ஒரு வாரத்துக்குள் அந்தக் கதை ஊர் முழுக்கப் பரவியது. சிலுவைதாசனின் கை புண்ணியக்கை என்றார்கள். சுந்தரதாஸைப் பற்றியும் பேசாமலில்லை. "நிக்கருல நின்ன டிரைவரு இவருதானா?" என்றார்கள். முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள்.

பிறகு ஆலீஸும் புருஷனும் சந்திப்புக்கு வந்தார்கள். பெரிய நெய்மீன் ஒன்று வாழையிலையில் பொதிந்திருந்தது. "மாமோதீசாவுக்கு நாள் குறிச்சாச்சு. சிலுவையண்ணன்தான் தலைதொட்டப்பனா நிக்கணும்."

தலைதொட்டப்பன் என்றால் கடற்கரையில் சும்மா இல்லை. ஞானஸ்நானத் தண்ணீர் விழும்போது பிள்ளையின் தலையைத் தொட்டு நிற்கிறவன். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது அப்பன். கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு முதல் பலகாரம்; நாளை கல்யாணத்துக்கு அவனுடைய சம்மதம். சிலுவைதாசனுக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். சுந்தரதாஸின் வீட்டில் அப்பா என்று கூப்பிட ஆளில்லை. மனைவி லீலாபாய் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியே பல வருடமாகிவிட்டது.

அன்று மத்தியானம் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னவாக்கும் முகம் இப்பிடி இருக்கு?" என்றாள் லீலாபாய்.

"வேட்டியக் கொடுத்தவன் நான்."

"துவைச்சு வச்சிருக்கேன். கறை போவல்ல."

"அதில்லடீ. ஊரு முழுக்க எனக்க நிக்கரப் பாத்துது. பிள்ளைக்கத் தலையத் தொட அவன்!"

லீலாபாய் மீன்கறியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அதுவும் சிலுவைதாசன் பங்கிட்டுக் கொடுத்த நெய்மீன்தான். அவர் அதைத் தட்டோரம் ஒதுக்கினார்.

அந்த வாரமே ஒரு நோயாளியை இறக்கிவிட்டுக் கடற்கரை வழியாகக் காலியாகத் திரும்பும்போது, ஆலீஸின் பங்குச்சாமியார், ஊராருக்கு 'அச்சன்', கைகாட்டி முன்சீட்டில் ஏறினார். நெய்யாற்றின்கரைக்குப் போகவேண்டும். சாமியார் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற வழக்கமில்லை. ஆம்புலன்ஸ் எப்போது திரும்பும் என்று அவருக்குத் தெரியும். சிலுவைதாசன் பின்னால் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான்.

"சிலுவைதாசன் நல்ல பையன், இல்லியா?" என்றார் சாமியார். "தலைதொட நிக்க அவனைவிட்டா ஆரு?"

சுந்தரதாஸ் கியரை மாற்றினார். அவரும் சிலுவைதாசனின் மனைவி ஆனந்தபாயும் ஒரே சபைக்காரர்கள், சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்டுகள். ஆரியங்கோட்டுப் பக்கத்து மிஷன் கோயிலில்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. கத்தோலிக்கக் கோயிலில் அதைச் சரிசெய்து வாங்காதவரை சிலுவைதாசன் நற்கருணைக்கும் போகக்கூடாது, தலைதொடவும் நிற்கக்கூடாது. கடற்கரையில் யாருக்கும் அது தெரியாது. வேறெங்கோ ஏதோ லத்தீன் கோயிலில் நடந்தது என்றே நினைத்திருந்தார்கள்.

சொல்லக்கூடாது என்று நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

"நல்ல பையன்தான் அச்சோ. அவனுக்கக் கல்யாணத்துக்கு எங்க கோயில்ல நான்தான் பந்தியில கறி விளம்புனேன்."

"எங்க கோயில்லன்னா?"

"எங்க மிஷன் கோயில்ல."

எஞ்சின் அலறியது. சாமியார் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அப்பிடியா" என்றார். பிறகு, "அப்பம் அவன் நிக்க முடியாதே" என்றார்.

சுந்தரதாஸ் மனசுக்குள் கணக்குப் போட்டார். இனி ஆலீஸின் வீட்டார் வேறு ஆள் தேடவேண்டும். அந்தக் காலையில் அந்த வண்டியோடு இருந்தவன் இன்னொருவன் உண்டல்லவா?

இரண்டு நாள் பொறுத்தார். பிறகு ஆலீஸின் புருஷன் தயங்கித் தயங்கிச் சந்திப்புக்கு வந்தான். சிலுவைதாசனைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினான். சிலுவைதாசன் தலையாட்டினான், அவன் முகம் வெளிறியது. சுந்தரதாஸ் வண்டிக்கு அருகில் போய், இல்லாத தூசியைத் துடைத்தார். புதிய வேட்டிதான் கட்டியிருந்தார்.

"அண்ணே" என்றான் ஆலீஸின் புருஷன், அவரிடமே வந்து. "ஞாயித்துக்கிழமை நீங்களும் வரணும். வண்டியிலேயே வந்தா எல்லாருக்கும் சந்தோசம்."

"வாறேன் மக்கா, வராம இருப்பனா. தலைதொட ஆரு?"

"கேட்மேன் பத்றோஸண்ணன்."

"ஆரு?"

"வெந்நீர் தந்தாருல்லா. நம்ம ஆளுதான், லத்தீன். அச்சனும் சம்மதிச்சாரு."

"கேட்டத் திறக்காதவன்லே அவன்!"

"அவரு திறக்காததுனால வண்டி நின்னு, பிள்ள நல்லபடியா பிறந்துச்சுன்னு ஆலீஸ் சொல்லுதா."

சுந்தரதாஸ் துணியைப் பிழிந்தார். பிறகு கேட்கக்கூடாததைக் கேட்டார். "அப்பம் நானு? நானும் அங்கதானே நின்னேன்?"

அவன் உண்மையிலேயே குழம்பிப் போனான். "அண்ணன் சி.எஸ்.ஐ. அல்லியோ? எங்க கோயில்ல எப்பிடி நிப்பீங்க?"

அந்த ஒரு காரியத்தைத்தான் அவர் யோசிக்கவேயில்லை. சிலுவைதாசனுடைய கல்யாணத்தில் மிஷன் கோயில் எப்படித் தடையாக நிற்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதே கோயில்தான் தன்னுடையதும் என்பது, பொறாமை வந்த அந்தக் கணத்திலிருந்து மறந்து போயிருந்தது.

மாமோதீசா நடந்தது. பிள்ளைக்கு டெல்வின் என்று பெயர். பத்றோஸ் பட்டுச்சட்டை போட்டு, தண்ணீர் விழும்போது தலையைத் தொட்டு நின்றான். பிள்ளையின் விரலில் ஒரு மோதிரம் போட்டான். பந்தியில் அவன் ஆலீஸின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட் சாத்திய கதையைச் சொன்னான். எல்லாரும் வாய்பிளந்து கேட்டார்கள். அந்தக் கதையில் நிக்கர் இருந்தது, வேட்டி இல்லை.

அதற்குப் பிறகு வண்டி அமைதியாகிவிட்டது. கண்ணாடி ஜன்னல் வழியாகச் சிரிப்பு வரவில்லை. நோயாளிகள் முனகிக்கொண்டே போய் முனகிக்கொண்டே இறங்கினார்கள். சிலுவைதாசன் பின்சீட்டை விட்டு முன்னால் வருவதில்லை. காலியாகத் திரும்பும்போதுகூட ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். ஆரியங்கோட்டுக் கல்யாணத்துக்கு வந்த கடற்கரைப் பழக்கமுள்ள ஆள் ஒரே ஒருவர்தான் என்பதைக் கண்டுபிடிக்க அவனுக்கு நேரம் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.

அந்த அமைதியை இத்தனை நாளாக விரும்பியவர் சுந்தரதாஸ்தான். இப்போது அது எஞ்சினைவிடச் சத்தமாக இருந்தது. எப்படிச் சொல்வது என்று ஓட்டும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தார். சிலுவை, எனக்கத் தப்புதான். வேண்டாம். சிலுவை, அன்னைக்கு வாய் தவறி. அதுவும் பொய். வாய் தவறவில்லை, மனம் தவறியது. காட்டாக்கடையில் ஒரு கிழவரை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், சாயாக்கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இன்று சொல்லியே தீர்வது என்று எஞ்சினை அணைத்தார்.

பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது; கொஞ்ச நேரத்தில் முன்கதவு திறந்தது. சிலுவைதாசன் இரண்டு கிளாஸ் சாயாவோடு ஏறி உட்கார்ந்தான். ஒன்றை அவர் பக்கம் நீட்டினான்.

"அண்ணே, பத்றோஸ் போட்ட மோதிரத்தப் பாத்தீங்களா?"

"ம்."

"கவரிங்காக்கும். நான் தடவிப் பாத்தேன்."

சுந்தரதாஸ் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், நோயாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"உள்ளதா, நெசமா?" என்றார் சுந்தரதாஸ்.

"கர்த்தாவாண. ஒரு மாசத்துல கறுத்துப் போவும். இதுக்கா நம்ம ரெண்டு பேரும் உறவ முறிக்கது? விடுங்கண்ணே. ஆனந்தபாயும் கல்யாணத்த எங்க கோயில்லயும் ஒப்பேத்திருவோம்னு சொல்லியாச்சு. அடுத்த பிள்ளைக்கு நான்தான் நிக்கப் போறேன். ஆலீஸ் வாக்குத் தந்திருக்கா."

சாயா சூடாக இருந்தது. சுந்தரதாஸ் ஊதி ஊதிக் குடித்தார். இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் வாய்க்குள்ளேயே சாயாவோடு கரைந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர். அவர் கேட்பதற்கு முன்னாலேயே மன்னித்துவிட்டு, ஒரு தமாசும் சொல்லிவிட்டு, இதோ கால்மேல் கால்போட்டு உட்கார்ந்திருக்கிறான். இதிலும் அவன்தான் முந்திக்கொண்டான்.

அந்தக் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது சுந்தரதாஸுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.