ஹான்ட்பிரேக்குக்குப் பதிலாக மதியச் சாப்பாடு

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் பால்கனியில் இரண்டு பேர் நின்றால், ஒருவர் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறவனுக்கு, காட்டுப் பாதையில் ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் படுத்துறங்க ஒரு ட்ரெயிலர் கட்டும் ஆசை ஏன் வந்தது என்று கேட்டால், அதனால்தான் வந்தது.

மனைவி கணக்குப் படித்தவள். யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"கட்டுங்கோ. சொன்ன காசுக்கு மேல ஒரு சதமும் கேக்கக் கூடாது. மற்றது, நான் உதுக்குள்ள பயமில்லாமப் படுக்கோணும்."

இரண்டு நிபந்தனைகள். பட்ஜெட்டில் முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டேன்.

இரும்புக் கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு, "இது இண்டைய விலை சேர்" என்பார். நாளைய விலையை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆக்சில் ஏறியது, தகரம் ஏறியது, பெயின்ட் ஏறியது. ஏறாமல் நின்றது மனைவி சொன்ன தொகை ஒன்றுதான். ஆகவே வெட்டத் தொடங்கினேன். வெட்டுவதிலும் ஒரு முறை இருந்தது. தேக்கில் செய்த, இழுத்துத் திறக்கும் சமையல் லாச்சியை வெட்டவில்லை, வருகிற சனம் திறந்து பார்க்கும். கதவின் உள்கொண்டியை வெட்டினேன், அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

அந்த நேரத்தில்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து அத்தான் வந்தார். என் அக்காவின் கணவர். தேத்தண்ணியைக் கையில் எடுக்கமுன்பே கேட்டார்.

"எப்ப பால் காய்ச்சுறாய்?"

"அது ட்ரெயிலர், அத்தான்."

"உள்ளுக்குச் சமைக்கிறாய், படுக்கிறாய். அப்ப வீடுதானே? பால் காய்ச்சாமல் குடிபூருவியோ?"

"சில்லு வைச்ச வீடு."

"அப்ப சில்லுக்குத் தேசிக்காயும் வை."

வண்டியென்றால் சில்லில் நசிய எலுமிச்சம்பழம். வீடென்றால் பால். பால் என்றால் சொந்தக்காரர். சொந்தக்காரர் என்றால் மதியச் சாப்பாடு. பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை. மிச்சமிருந்த பெரிய செலவு, நிறுத்தி வைக்கும்போது சில்லுகளைப் பூட்டும் ஹான்ட்பிரேக். அதை அடித்துவிட்டு அதே வரியில் 'சாப்பாடு' என்று எழுதினேன். காட்டுக்குப் போகமுன் எப்படியும் போட்டுவிடலாம் என்று எனக்கு நானே கடன் சொல்லிக்கொண்டேன்.

ட்ரெயிலர் உருவானது ஹெந்தளையில், கால்வாயை நோக்கிச் சரிந்த ஒரு கராஜ் வளவில். வெல்டிங் மேஸ்திரி பாஸிடம் என் சிங்களத்தில் கேட்டேன், கல்லு வைத்தால் நிற்குமா என்று.

"பய வென்ன எப்பா மாத்தயா" என்றார். பயப்படாதீர்கள் என்று ஒருவர் சொன்னாலே எனக்குப் பயம் பிடித்துவிடும்.

பால் காய்ச்சுகிற நாள் காலை, ஜீப்பை அத்தான் தள்ளி நிறுத்தச் சொன்னார். அந்தப் பழசு போட்டோவில் விழுந்தால் வடிவில்லையாம். ட்ரெயிலர் தனியே நின்றது. பெரிய சில்லுகளுக்குக் கீழே இரண்டு கல், முன்னால் முட்டுக்கொடுக்க ஒரு சின்னச் சில்லு. சனம் இன்னும் வந்து சேரவில்லை. மனைவி பட்டுச் சேலையோடு உள்ளே குனிந்து காஸ் அடுப்பில் பால் வைத்தாள். கடற்காற்றில் நெருப்பு அணையுது என்று அத்தான் கதவைச் சாத்தி வெளியே கொண்டியைப் போட்டார். பிறகு தேசிக்காயோடு குனிந்தார்.

"உந்தக் கல்லு மறைக்குது. தேசிக்காய் டயரோட முட்டோணும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு கல்லை இழுத்தவன் நான்தான்.

முதலில் தேசிக்காய் நசிந்த சத்தம். அத்தான் சந்தோஷமாக, "நல்லது" என்றார். பிறகுதான் சில்லு நிற்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் விளங்கியது.

ஓடிப்போய் முன்கம்பியைப் பிடித்தேன். பிடித்து நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். அது என்னை இழுத்துக்கொண்டு போனது. வேட்டி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். பாஸ் ஏதோ கத்திக்கொண்டு ஓடி வந்தார். எனக்குக் கண்ணில் பட்டது கால்வாய்த் தண்ணீரும், பூட்டிய கதவும். உள்ளே எரிகிற அடுப்பு. கொதிக்கிற பால். கதவுக்கு உள்கொண்டி இல்லை.

மணலில் திரும்பிய சின்னச் சில்லு ட்ரெயிலரைக் கோணலாக்கி, பழைய டயர்க் குவியலில் கொண்டுபோய் மோதியது. நின்றது. தண்ணீருக்கும் அதற்கும் இடையில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான்.

உள்ளே சத்தமே இல்லை. கொண்டிக்குக் கை போனது, இழுக்கவில்லை. திறந்தால் என்ன தெரியுமோ என்று கை மறுத்தது.

"அடுப்ப நிப்பாட்டிப்போட்டன்" என்றது கதவுக்குப் பின்னால் ஒரு குரல். "திறவுங்கோப்பா."

கொண்டியை இழுத்தேன். அவளுடைய இடது முழங்கைவரை பால். தோல் சிவந்து கிடந்தது. பாஸ் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து அவள் கையில் ஓடவிட்டார். அத்தான் மெதுவாக, "பால் பொங்கினது தானே?" என்று கேட்டார். மனைவி குழாய்த் தண்ணீரில் கையைத் திருப்பிப் பிடித்தாள்.

சிறிது நேரத்தில் சொந்தக்காரர் வந்துவிட்டார்கள், சாப்பாடும் வந்துவிட்டது. நாலு பக்கமும் கல் வைத்து, கயிற்றால் ஜீப்போடு கட்டியும் எனக்கு மனம் கேட்கவில்லை. சில்லில் முதுகைச் சாய்த்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். சனம் ஏறி இறங்கியது. லாச்சியைத் திறந்து மூடி, தேக்கோ என்று கேட்டது. ஆள் ஏறும்போதெல்லாம் முதுகில் சில்லு அசைவதுபோல இருந்தது. யாரோ தந்த சோற்றுத் தட்டை நிலத்தில் வைத்துவிட்டேன்.

கையில் ஈரத்துணி சுற்றியபடி மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"பிரேக் எந்த வரியில இருந்தது?"

"சாப்பாட்டு வரியில."

ஒருமுறை சனத்தைப் பார்த்தாள். "அத்தானுக்கு அந்த லாச்சியில கண். கழட்டி அவருக்கே வித்துப்போட்டு பிரேக்கைப் போடுங்கோ. அதுவரைக்கும் நான் உள்ளுக்கு ஏறமாட்டன்."

"ஓம்" என்றேன்.

"இப்ப எழும்பிச் சாப்பிடுங்கோ. கல்லு நிக்கும்."

கடைசி ஆள் இறங்கும்வரை நான் எழும்பவில்லை.